குஞ்சு சோர்ந்தால் முதலில் பல்பைப் பாருங்கள்

புரூடரில் இருக்கும் கோழிக்குஞ்சுகளுக்கு நோய் கண்டால் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குஞ்சு பொரித்த முதல் மூன்று வாரத்தில்தான் கோழி வளர்ப்பின் லாப நட்டம் பாதி முடிவாகிறது. அடைக்கோழியோடு திரியும் குஞ்சுக்குச் சூடு வேண்டும்போது இறக்கைக்குள் இடம் கிடைக்கும். எது தீனி, எது தண்ணீர் என்று தாய் கொத்திக் காட்டும். இன்குபேட்டரில் பொரித்து, புரூடர் என்னும் சூட்டுக் கூண்டில் விட்ட குஞ்சுக்கு அந்த வேலையெல்லாம் நாம்தான் செய்ய வேண்டும். ஆனால் நாலு குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு நின்றதும் நம்மில் பலர் முதலில் போகும் இடம் மருந்துக்கடை. கையில் கிடைத்த பொடியைத் தண்ணீரில் கலக்கிவிட்டுக் காத்திருக்கிறோம். முதல் வாரச் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் குளிர், தாகம், தொப்புள் புண் ஆகியவைதான். முதல் இரண்டையும் எந்த மருந்தும் தீர்க்காது. மூன்றாவதை மருந்தால் மாற்றுவது அரிது. ஆகவே முதலில் சூடு, பிறகு தண்ணீர், பிறகு காற்றும் கூளமும், அதன்பின் குஞ்சின் வயது, கடைசியில்தான் மருந்து என்ற வரிசையில் பாருங்கள்.

1. முதல் பார்வை

செய்ய வேண்டியவை

- புரூடருக்குள் கை விடுவதற்கு முன் ஓரமாக ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் நின்று பாருங்கள். ஆள் வந்ததும் நோய்க் குஞ்சுகூட எழுந்து ஓடும். அது அடங்கிய பிறகுதான் உண்மை நிலை தெரியும்.
- சத்தத்தைக் கேளுங்கள். நிம்மதியாக இருக்கும் குஞ்சுகள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே மேயும். விடாமல் உரத்துக் கத்தினால் குளிர், பசி, தாகம் இவற்றில் ஒன்று இருக்கிறது.
- சோர்ந்த குஞ்சைக் கையில் எடுத்து ஐந்து இடங்களைப் பாருங்கள்: கண், மூக்கு, தீனிப்பை, தொப்புள், பின்பக்கம். பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அந்தக் குஞ்சு குளிரில் இருக்கிறது.
- நோய்க் குஞ்சைத் தனிப் பெட்டியில், அதே அளவு சூட்டில், தண்ணீரும் தீனியும் வைத்து விடுங்கள். முதலில் நலமான குஞ்சுகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில் நோய்க் குஞ்சுகளிடம் போங்கள்.
- நோட்டில் தேதி, குஞ்சின் வயது, இறந்த எண்ணிக்கை, எச்சத்தின் நிறம் ஆகியவற்றைத் தினமும் எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்.

செய்யக்கூடாதவை

- ஒரு குஞ்சு இறந்ததற்காக மொத்தக் குஞ்சுக்கும் மருந்து கொடுக்காதீர்கள். முதல் வாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு இறப்பது எந்தப் பண்ணையிலும் நடப்பதுதான். நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.
- வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் வாங்கிய குஞ்சுகளை ஒரே புரூடரில் கலக்காதீர்கள். பெரிய கோழிகளை மேய்த்த காலோடும் செருப்போடும் குஞ்சுகளிடம் போகாதீர்கள்.

2. சூடு

முளைத்துவந்த மென்மயிருக்கு உடல் சூட்டைக் காக்கும் வலு இல்லை. முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 90 முதல் 95 வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொண்டே வரலாம். மூன்றாம் நாள் இரவு பிடித்த குளிர் ஏழாம் நாள் கழிச்சலாக வெளிப்படலாம். குளிரில் நின்ற குஞ்சு தீனி எடுக்காது, வயிற்றிலுள்ள மஞ்சள் கருவும் சரியாகக் கரையாது, கிருமி எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை

- தெர்மாமீட்டரைக் கூளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, பல்பின் நேர் அடியில் இல்லாமல் விளிம்பை ஒட்டித் தொங்கவிடுங்கள்.
- அதைவிட நம்பகமாகக் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதவில்லை. பல்பை விட்டு விலகி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. புரூடர் முழுக்கப் பரவி மேய்ந்தால் சூடு சரியாக இருக்கிறது.
- குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு போடுங்கள். 100 குஞ்சுக்கு 100 வாட் பல்பு இரண்டு. ஒன்று எரிந்துபோனாலும் மற்றொன்று காப்பாற்றும்.
- பல்பை ஏற்றி இறக்கும்படி கட்டுங்கள். சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாமல் போகும். அன்றைய பின்னிரவு மூன்று மணிக்குத் தேவைப்படும். ஐப்பசி மழையில் இரவு பகல் இரண்டுமே வேண்டியிருக்கும்.
- தடுப்பை வட்டமாக, ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். மூலை இருந்தால் குளிரில் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியிலுள்ளவை மூச்சுத்திணறிச் சாகும்.

செய்யக்கூடாதவை

- எல்.இ.டி. பல்பையும் சி.எஃப்.எல். பல்பையும் நம்பாதீர்கள். அவற்றில் வெளிச்சம் உண்டு, குஞ்சுக்குப் போதுமான சூடு இல்லை.
- மின்வெட்டு நேரத்தில் பானையில் கரி மூட்டி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அதை நாலு பக்கமும் அடைத்த அறையில் செய்யாதீர்கள். கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குஞ்சுகளும் சாகும், உள்ளே படுத்த ஆளும் சாக நேரும். கரியை வெளியே கனிய வைத்து, காற்று போக வழி விட்டு, பானையைச் சுற்றிக் கம்பி வலையிட்டு வையுங்கள்.
- நெருப்புக்கு பயந்தோ மின் கட்டணத்துக்கு பயந்தோ முதல் வார இரவில் பல்பை அணைக்காதீர்கள்.

3. தண்ணீரும் தீனியும்

பொரிந்த குஞ்சின் வயிற்றில் மிச்ச மஞ்சள் கரு இருப்பதால் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலும் அது தாங்கும். தொலைதூரத்துக்குப் பெட்டியில் அனுப்ப முடிவது அதனால்தான். ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு. எவ்வளவு சீக்கிரம் தண்ணீரும் தீனியும் உள்ளே போகிறதோ அவ்வளவு சீக்கிரம் குடல் வேலை செய்யத் தொடங்கும்.

செய்ய வேண்டியவை

- பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு விடுங்கள். நீண்ட பயணம் செய்து வந்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரம் வெல்லம் அல்லது குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் தெம்பு தரும்.
- தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு அல்லது கழுவிய கூழாங்கல் போடுங்கள். நனைந்த குஞ்சு அரை மணியில் விறைத்துவிடும்.
- முதல் நாள் மாலையில் பத்துக் குஞ்சுகளின் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து மெத்தென்றிருந்தால் நல்லது. கெட்டியாக இருந்தால் தீனி தின்றும் தண்ணீர் குடிக்கவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் குஞ்சுக்குத் தீனித் தட்டு இருக்கும் இடமே தெரியவில்லை.
- தண்ணீர்த் தட்டை நாளுக்கு இருமுறை தேய்த்துக் கழுவுங்கள். உள்விளிம்பில் விரலை ஓட்டினால் வழுவழுப்பாக இருக்கக்கூடாது.

செய்யக்கூடாதவை

- வெல்லத் தண்ணீரை நாள்கணக்கில் கொடுக்காதீர்கள். அது புளித்துக் கிருமி வளரும்; எச்சம் பிசுபிசுக்கும்.
- முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனமே வேண்டும்.
- பூசணம் பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, உப்புப் போட்ட மீந்த சாப்பாடு ஆகியவற்றைப் போடாதீர்கள். பூசண நஞ்சு ஈரலைத் தாக்கி, போட்ட தடுப்பூசியின் பலனையும் குறைக்கும்.

4. கூளமும் காற்றும்

செய்ய வேண்டியவை

- நன்றாகக் காய்ந்த நெல் உமியை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். முதல் மூன்று நாள் உமியைத் தின்னாதிருக்கச் சாக்கையோ சொரசொரப்பான அட்டையையோ மேலே விரியுங்கள்.
- தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தைத் தினமும் அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். கைப்பிடிக் கூளத்தை அழுத்திப் பிடித்து விடும்போது கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் சரி.
- குஞ்சின் மட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா கூடிவிட்டது. கீழே காற்று அடிக்காமல் மறைத்து, மேலே காற்று வெளியேற வழி விடுங்கள்.

செய்யக்கூடாதவை

- வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரித்து விடாதீர்கள். கால் ஊன்ற முடியாமல் இரு பக்கமும் விரிந்துபோகும்.
- மழையில் நனைந்து காய்ந்த உமியையும், பூசண வாடை வீசும் மரத்தூளையும் கடலைத் தோலையும் போடாதீர்கள். நுரையீரலைப் பிடிக்கும் பூசணம் அதிலிருந்துதான் வருகிறது.

5. வயதும் அறிகுறியும்

சூடும் தண்ணீரும் காற்றும் சரியாக இருந்தும் குஞ்சு சாகிறதென்றால் காலண்டரைப் பாருங்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வயது உண்டு. வயதை எண்ணினாலே பாதி நோய்களை விலக்கிவிடலாம்.

- 1 முதல் 7 நாள்: வயிறு உப்பி, தொப்புள் மூடாமல் சிவந்தோ கருத்தோ, நாற்றத்தோடு இருந்தால் தொப்புள் அழற்சி. அழுக்கு முட்டையிலிருந்தும் இன்குபேட்டர் சுத்தமின்மையிலிருந்தும் வருவது. முற்றிய குஞ்சு பிழைப்பது அரிது. அதைப் பிரித்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். அடுத்த ஈட்டுக்கு முன் இன்குபேட்டரைச் சுத்தம் செய்து, அழுக்கு முட்டைகளை ஒதுக்குங்கள்.
- முதல் மூன்று வாரம்: பசை போன்ற வெள்ளை எச்சம், பல்பை ஒட்டி ஒடுங்குவது, கழியும்போது கத்துவது, தினமும் பல சாவு. புல்லோரம் என்னும் சால்மோனெல்லா நோயாக இருக்கலாம். தாயிடமிருந்து முட்டை வழியாகவே வருவது. பிழைத்த குஞ்சும் வளர்ந்தபின் நோயைச் சுமந்திருக்கும். அதை முட்டைக்கு வைக்கக்கூடாது.
- 4 நாள் முதல் 3 வாரம்: கழுத்தை நீட்டி, வாய் திறந்து, கரகர சத்தம் இல்லாமலே மூச்சு வாங்கினால் பூசண நுரையீரல் நோய். கைகண்ட மருந்து இல்லை. மொத்தக் கூளத்தையும் அன்றே மாற்றுவதுதான் வழி.
- 3 முதல் 6 வாரம்: ரத்தம் கலந்த எச்சம், சிலிர்த்த இறகு, வெளுத்த கொண்டை என்றால் ரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி ஈரக் கூளத்தில் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். உடலுக்குள் போன பின் ரத்தமாக வெளிப்படச் சில நாள் வேண்டும். எனவே இரண்டாம் நாள் குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் காரணம் இதுவல்ல.
- 3 முதல் 6 வாரம்: தன் பின்பக்கத்தையே கொத்திக்கொள்வது, நீர்க் கழிச்சல், நடுக்கம், மூன்று நான்கு நாள் திடீர்ச் சாவு என்றால் கம்போரோ.
- எந்த வயதிலும்: பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து முறுக்கிக்கொள்வது சேர்ந்து வந்தால் ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சல். வந்தபின் மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே காப்பு.

செய்யக்கூடாதவை

- எச்சம் வெள்ளையாக இருந்தாலே ராணிக்கெட் என்று முடிவு கட்டாதீர்கள். எச்சத்தின் நுனியில் வெள்ளை இருப்பது இயல்பு. கோழியின் சிறுநீர் அதுதான்.
- நாளுக்கு இரண்டு மூன்று முறை வரும் பழுப்பு நிறக் குழைந்த எச்சத்தைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்காதீர்கள். குருட்டுக்குடலிலிருந்து வருவது அப்படித்தான் இருக்கும்.

6. பின்பக்க அடைப்பு

செய்ய வேண்டியவை

- எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, தானாகக் கழன்ற பிறகு துடையுங்கள். ஈரத்தை நன்றாக ஒற்றி, பல்படியில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி விடுங்கள்.
- ஒன்றிரண்டுக்கு வந்தால் கழுவினால் போதும். பலவற்றுக்கு வந்தால் சூட்டையும் தண்ணீரையும் திருத்துங்கள். அதோடு சாவும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

- காய்ந்ததைப் பிய்க்காதீர்கள். தோலோடு வந்துவிடும்.
- வயிற்றின் நடுவில் காய்ந்த நூல்போல ஒட்டியிருப்பது தொப்புள்கொடி. அதை அழுக்கு என்று இழுத்தால் குடல் வெளியே வரும்.

7. காலும் கழுத்தும்

செய்ய வேண்டியவை

- கால் விரிந்த குஞ்சுக்கு இரண்டு கால்களையும் இயல்பான இடைவெளியில் வைத்து, மென்மையான பேண்டேஜ் துண்டால் எட்டு வடிவில் கட்டுங்கள். முதல் இரண்டொரு நாளிலேயே கட்டினால் சில நாளில் நிமிர்ந்து நடக்கும்.
- விரல்கள் உள்ளே சுருண்டால் வைட்டமின் பி2 குறைவு. வானத்தைப் பார்ப்பதுபோல் தலை பின்னால் வளைந்தால் பி1 குறைவு. நிலை தடுமாறிக் குட்டிக்கரணம் போட்டால் வைட்டமின் ஈ குறைவு. தீவனம் பழசா என்று பாருங்கள். வைட்டமின் சொட்டு மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் உண்டு.

செய்யக்கூடாதவை

- கழுத்து வளைந்த குஞ்சுகள் பல இருந்து, கழிச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் வைட்டமின் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். அது ராணிக்கெட்டாக இருக்கலாம்.

8. மருந்து

செய்ய வேண்டியவை

- ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் நல்ல மருந்து. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். குடிக்க அந்தத் தண்ணீர் மட்டுமே இருக்கட்டும். அதே நாளில் கூளத்தை மாற்றாவிட்டால் மருந்து ஒரு பக்கம், தொற்று மறுபக்கம் என்று ஓடும்.
- வாங்கிய தீவன மூட்டையின் சீட்டை எடுத்து வையுங்கள். அதில் மொனென்சின், சாலினோமைசின் போன்றவை கலந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சளிக்குக் கொடுக்கும் தியாமுலின் மருந்தோடு அவை சேர்ந்தால் நஞ்சாகும்.

செய்யக்கூடாதவை

- ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாள்களில் பி1 கலந்த வைட்டமின் டானிக்கைக் கலக்காதீர்கள். ஒட்டுண்ணிக்கு அந்த வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் மருந்து வேலை செய்கிறது. டானிக்கைக் கலந்தால் மருந்தின் வேகம் குறையும்.
- “எதற்கும் இருக்கட்டும்” என்று ஆன்டிபயாடிக் போடாதீர்கள். வைரசுக்கும் பூசணத்துக்கும் அது வேலை செய்யாது. கிருமிக்கு மருந்தைத் தாங்கும் சக்திதான் வளரும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் கோலிஸ்டினை இறைச்சி, முட்டைக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019இல் தடை விதித்தது. பழைய டப்பா அலமாரியில் இருந்தால் எடுக்காதீர்கள்.
- மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கொடுங்கள், ஆனால் அதைத் தடுப்பூசிக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

9. தடுப்பூசி

செய்ய வேண்டியவை

- 5 முதல் 7 நாளுக்குள் ராணிக்கெட் சொட்டு மருந்து கண்ணிலோ மூக்கிலோ, இரண்டு வாரம் வாக்கில் கம்போரோ, நான்காம் வாரத்தில் மீண்டும் ராணிக்கெட் என்பது பொதுவான அட்டவணை. உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ற நாளை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
- மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுவந்து, கலக்கிய ஒரு மணி நேரத்துக்குள், வெயில் இறங்கிய பிறகு போட்டு முடியுங்கள்.

செய்யக்கூடாதவை

- சோர்ந்திருக்கும் குஞ்சுகளுக்கு அந்த நிலையில் போடாதீர்கள். குளோரின் கலந்த தண்ணீரில் மருந்தைக் கலக்காதீர்கள். உயிருள்ள வைரசு அதில் செத்துவிடும்.
- கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமில் போடுவது 8 வாரம் தாண்டிய கோழிகளுக்கான ஊசி. அதைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், குஞ்சு தாங்காது.

10. இறந்த குஞ்சும் வீட்டு மனிதரும்

செய்ய வேண்டியவை

- சாவு ஏறினால், புதிதாக இறந்த இரண்டு மூன்று குஞ்சுகளை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் நடுவே வைத்து அன்றே அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்கோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கோ கொண்டுபோங்கள். நாமக்கல் வட்டாரத்தாருக்குக் கோழி நோய்க்கென்றே ஆய்வகம் அங்கு இருக்கிறது. அறுத்துப் பார்த்தால் ஈரல், நுரையீரல், குடல் மூன்றும் காரணத்தைச் சொல்லிவிடும்.
- மற்றவற்றை ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்புத்தூள் தூவிப் புதையுங்கள்.
- புரூடரில் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா மனிதருக்கும் வரும்.

செய்யக்கூடாதவை

- ஆய்வுக்குக் கொண்டுபோகும் குஞ்சை ஃப்ரீசரில் வைத்து உறையவிடாதீர்கள். திசு கெட்டு ஒன்றும் தெரியாமல் போகும்.
- இறந்ததை நாய்க்குப் போடாதீர்கள். ஓடையிலோ குப்பைமேட்டிலோ எறியாதீர்கள். உங்கள் நோய் அடுத்த வீட்டுக்கோழிக்குப் போகும்.
- சிறு பிள்ளைகள் குஞ்சை முத்தமிடவோ அடுக்களைக்குள் கொண்டுவரவோ விடாதீர்கள்.
- ஒரே இரவில் கூட்டமாகச் செத்தால் மறைக்காதீர்கள், மிச்சத்தை விற்காதீர்கள். உடனே கால்நடை உதவி மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

குஞ்சு வளர்க்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். புதிதாகக் குஞ்சு இறக்கும் நாளுக்கு முந்தைய நாளே புரூடரை எரியவிட்டு, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, இரவு ஒருமுறையும் விடியலுக்கு முன் ஒருமுறையும் சூட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். மருந்துக்குச் செலவழிக்க எடுத்துவைத்த பணத்தில் முதலில் ஒரு தெர்மாமீட்டரும், கூடுதலாக ஒரு பல்பும், ஒரு மூட்டை காய்ந்த உமியும் வாங்குங்கள். அவை மூன்றும் காப்பாற்றும் குஞ்சுகளை எந்த மருந்தும் காப்பாற்றாது.